லிண்டன் மரத்தில் துயரம் செதுக்கியவர்கள்

ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் ஒரு வியாகுல மாதா சுரூபம் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 89 சென்டிமீட்டர். முன்பு வைத்திருந்த சேகரிப்பாளரின் பெயரால் அதை ரொட்கன் பியேத்தா என்பார்கள். மாதாவின் மடியில் கிடக்கும் இயேசுவின் உடல் வற்றி எலும்பு துருத்தியிருக்கிறது. தலை பின்பக்கம் சரிந்து தொங்குகிறது. காயங்களிலிருந்து ரத்தம் திட்டுத்திட்டாகத் திரண்டு, மரப்பரப்புக்கு மேலே புடைத்து நிற்கிறது. மாதாவின் தலை அவள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது, வாய் கோணியிருக்கிறது. அந்த முகத்தில் அமைதியான துக்கம் இல்லை. நடந்ததை ஏற்க முடியாத திகைப்பும் கொஞ்சம் கோபமும்தான் தெரிகின்றன.

இப்படிப்பட்ட சிலைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக வரும்: கொள்ளைநோய் ஊர் ஊராகக் கொன்று குவித்த காலம், அதனால் கலையும் கதறியது என்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றினாலும் ஆண்டுக்கணக்கு ஒத்துவரவில்லை. ஜெர்மன் நிலங்களுக்குக் கொள்ளைநோய் வந்தது 1348ஐ ஒட்டி. கொலோன் நகரின் சாங்க்ட் மரியா இம் கப்பிட்டோல் ஆலயத்தில் உள்ள, Y வடிவக் கவட்டைச் சிலுவை 1304ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி நிற்கும் அந்தப் பாடுபட்ட சுரூபத்தில், பிற்காலத்தார் கொள்ளைநோயின் மேல் ஏற்றிச் சொன்ன கோரம் முழுவதும் ஏற்கெனவே இருக்கிறது. மடியில் மகனைக் கிடத்திய மாதா என்ற பியேத்தா வடிவமும் 1300ஐ ஒட்டியே ஜெர்மன் பகுதிகளில் உருவாகிவிட்டது. நோய் அந்தச் சிலைகளின் தேவையைக் கூட்டியிருக்கலாம். பிறப்பித்தது நோய் இல்லை.

பிறப்பித்தது ஒரு செபமுறை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரான்சிஸ்கன், டொமினிக்கன் சபைகள் விசுவாசிகளுக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: திருப்பாடுகளை அறிவால் மட்டும் நினைத்தால் போதாது, அங்கே நீ நிற்பதாக எண்ணு, தாயோடு சேர்ந்து நீயும் அழு. துயரத்தில் பங்குகொள்வதே செபம் என்றானது. தென்ஜெர்மனியின் கன்னியர் மடங்களில் இது நாளாந்தப் பயிற்சி. மெடிங்கன் மடத்தைச் சேர்ந்த மார்கரெத்தா எப்னர் என்ற டொமினிக்கன் கன்னியருக்கு 1344இல் வியன்னாவிலிருந்து ஒரு குழந்தை இயேசு சுரூபம் வந்தது; தொட்டிலில் இட்டுத் தாலாட்டியதையும் மார்போடு அணைத்ததையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். சிலை அங்கே கண்ணுக்கு மட்டுமான பொருளாக இருக்கவில்லை. எடுத்து அணைக்க, முத்தமிட, கூட அழ ஒரு துணையாக இருந்தது.

அதே மடங்கள் கோரத்தை மட்டும் கேட்கவில்லை. இயேசுவின் மார்பில் யோவான் சாய்ந்து உறங்கும் இருவர் சிலை 1300ஐ ஒட்டி கொன்ஸ்டன்ஸ் ஏரிப் பகுதியில் பரவியது. கொன்ஸ்டன்ஸ் நகர ஹைன்ரிஷ் ஆசாரி சாங்க்ட் கதரீனென்டால் கன்னியர் மடத்துக்கு வால்நட் மரத்தில் செதுக்கியது இப்போது ஆண்ட்வெர்ப்பில் இருக்கிறது. கழுத்தின் சாய்வு, தோளைச் சுற்றிய கை, வலக்கையோடு சேர்ந்த வலக்கை, இவ்வளவுதான். முகங்களில் எந்த நெளிவும் கிடையாது. 14ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளின் வழி இது: உணர்ச்சியை முகத்தில் வைப்பதைவிட உடம்பின் அமைப்பில் வைப்பார்கள். பியேத்தாவில் மகனின் உடலைத் தாயைவிடச் சிறிதாக்கினால், பார்ப்பவர் மனதில் அது மீண்டும் கைக்குழந்தையாகிவிடும். கவட்டைச் சிலுவையில் கைகள் மேல்நோக்கி இழுபட்டால் மார்புக்கூடு தானாக விரிந்து வயிறு குழிந்துபோகும். ஒரு விகிதத்தை மாற்றினால் ஓர் உணர்ச்சி பிறக்கும் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மரம் மட்டும் போதாத இடத்தில் வேறு பொருள்களைச் சேர்த்தார்கள். இவ்வகைச் சிலுவைகளில் புடைத்த நரம்புக்குக் கயிறு ஒட்டி, மேலே சுண்ணமும் வச்சிரப் பசையும் கலந்த பூச்சைத் தடவினார்கள். ரத்தக்கட்டியைப் பூச்சுப் பிசினாலேயே திரட்டி எழுப்பினார்கள். சில சுரூபங்களுக்கு உண்மையான தலைமுடி. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிக் கல்லறையில் வைப்பதற்காகத் தோளில் அசையும் மூட்டு வைத்துச் செய்தவை ஏராளம். மூட்டின் பிளவு தெரியாதபடி தோலோ கெட்டித் தாளோ போர்த்தி, உடம்பின் நிறத்திலேயே வண்ணம் பூசுவார்கள். சாக்சனி மாநிலத்தின் டோபெல்ன் நகரில் இருக்கும், 1510ஐ ஒட்டிய சுரூபம் ஆளுயரத்தில் கைகால் மூட்டுகளும் முடியும் கொண்டது. குருத்து ஞாயிறன்று கழுதைமேல் அமர்ந்த இயேசுவைச் சக்கரம் பூட்டி ஊர்வலமாக இழுத்ததும், விண்ணேற்ற நாளில் சுரூபத்தைக் கயிற்றில் கட்டி ஆலயக் கூரையின் துளை வழியே மேலே தூக்கியதும் இதே வழியில் வந்தவை.

14ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய காலத்தில், குறிப்பாக 1460 முதல் 1530 வரை, உணர்ச்சி உடம்பிலிருந்து முகத்துக்கும் கைக்கும் துணிமடிப்புக்கும் நகர்ந்தது. அந்த நகர்வில் மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வட ஜெர்மனியில், குறிப்பாக லியூபெக் பக்கம், ஓக் மரத்தில் செதுக்கினார்கள். ஓக் நீடிக்கும், ஆனால் துளைகள் பெரியவை, ரேகை முரடு; கண்ணிமை போன்ற மெல்லிய விளிம்பு எளிதில் உதிரும். தெற்கே ஃபிராங்கோனியாவிலும் ஸ்வேபியாவிலும் பவேரியாவிலும் லிண்டன் மரம். ரேகை நெருக்கமாகவும் சீராகவும் இருக்கும், மென்மையானது, எந்தத் திசையில் உளி வைத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெட்டுப்படும். இமையின் ஓரத்தைத் தாள்போல் மெலிதாக்கலாம். உதட்டுக்குள் ஆழமாக உளியை விட்டு வாயைச் சற்றே திறக்கலாம். மடிப்புகளுக்கு அடியில் குடைந்து நிழலை வரவழைக்கலாம்.

அந்த மரத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. காயும்போது மரம் சமமாகச் சுருங்காது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிட, வளையங்களின் போக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சுருங்கும். முழுத் தடியை அப்படியே செதுக்கினால் பட்டைப் பக்கத்திலிருந்து நடுத்தண்டு வரை ஆப்புபோல் வெடிப்பு விழும், அது முகத்தின் குறுக்கே விழுந்தாலும் வியப்பில்லை. எனவே தடியை நெடுக்காகப் பிளந்து பாதியை எடுப்பார்கள், அல்லது ஒரு பக்கம் சீவித் தள்ளுவார்கள். பட்டைப் பக்கம் முன்புறம், நடுத்தண்டுப் பக்கம் முதுகு. முதுகிலிருந்து வாச்சியாலும் நகவுளியாலும் குடைந்து நடுத்தண்டை முழுவதும் எடுத்துவிட்டால், மீதமிருப்பது வளைந்த ஓடு. சுருங்க இடம் கிடைப்பதால் அது வெடிக்காது. ஆலயப் பலிபீடத்துக்குப் பின்னால் எழும் சிற்பப் பீடத்துச் சிலைகள் பலவற்றின் பின்பக்கம் பள்ளமாக இருப்பது இதனால்தான். தலை மட்டும் பெரும்பாலும் குடையப்படாமல் திண்டாக நிற்கும், ஆகவே பழைய சிலைகளில் வெடிப்பைத் தேட வேண்டுமானால் முதலில் உச்சந்தலையையும் நெற்றியையும் பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும்போது தடியைப் படுக்கவைத்து, இரு முனைகளிலும் இரும்பு முனையால் பிடித்துக்கொள்ளும் பலகையில் பூட்டுவார்கள், வேண்டியபடி உருட்டிக்கொள்ளலாம். அந்த முனை குத்திய துளை உச்சந்தலையில் நிற்கும், பிறகு ஒரு மரமுளையால் அடைபடும். பெரும்பாலும் மரம் முழுதாகக் காய்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள், ஈரமரம் உளிக்கு இளகிக்கொடுக்கும். கணு வந்தால் தோண்டி எடுத்துத் துண்டு வைப்பார்கள். தடியைவிட்டு வெளியே நீளும் கையைத் தனியே செதுக்கி முளையும் வச்சிரமும் கொண்டு பொருத்துவார்கள். இன்று பல சிலைகளுக்குக் கையோ விரலோ இல்லாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒட்டுதான்.

பாதித் தடியின் ஆழம் குறைவு. அந்தக் குறைவே ஒரு நடையை உண்டாக்கியது. கைகள் மார்புக்கு அருகிலேயே குவிய வேண்டும், தலை ஒரு பக்கம் திரும்பிச் சாய வேண்டும், துணி பக்கவாட்டில் விரிந்து அகலத்தைக் கூட்ட வேண்டும். அடக்கிக்கொண்ட துக்கத்தின் உடல்மொழியும் ஏறக்குறைய இதுவேதான். மரத்தின் அளவு கட்டாயப்படுத்தியதைச் சிற்பிகள் பொருளாக மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்வது மிகையில்லை.

செதுக்கி முடிந்தால் சிலை பாதிதான் முடிந்தது. அடுத்து வண்ணம், அதைப் பல ஊர்களில் வேறு கைவினைஞர் செய்தார். முதலில் மரம் வச்சிரத்தைக் குடிக்கும்வரை பூசுவார்கள். ஒட்டு, கணு, வெடிப்பு உள்ள இடங்களில் லினன் துணிப் பட்டை ஒட்டுவார்கள். அதன்மேல் சுண்ணமும் வச்சிரமும் சேர்த்த வெள்ளைப் பூச்சு, பல தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே போகப்போக வச்சிரம் குறைய வேண்டும். மேல்பூச்சில் பசை அதிகமானால் அது காயும்போது இறுகி இழுத்து, கீழ்ப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு செதில் செதிலாக உதிரும். பூச்சு கனமானாலும் ஆபத்து, செதுக்கிய இமையும் நரம்பும் அதற்குள் மூழ்கிப்போகும். ஆகவே வண்ணம் ஏறப்போகும் சிலையைச் சற்றுக் கூர்மையாகவே செதுக்கிவிட்டு, பூச்சு காய்ந்த பிறகு சிறு இரும்புகளால் வரிகளை மீண்டும் கீறித் தெளிவாக்குவார்கள்.

தங்கரேக்குக்கு அடியில் செம்மண் பூச்சு, பிறகு ரேக்கை ஒட்டித் தேய்த்துப் பளபளப்பாக்குதல். பட்டுச்சரிகைத் துணிக்கு வெள்ளீயத் தகட்டை அச்சில் அழுத்தி, பின்பக்கம் பிசின் நிரப்பி, தாள்போல் எடுத்து ஒட்டுவார்கள். சதைநிறம் எண்ணெய் வண்ணம்: ஈய வெள்ளையில் சாதிலிங்கம் என்ற சிவப்பு நிறமி கலந்தது. உணர்ச்சி அதிகம் தங்குவது இங்கேதான். கன்னத்திலும் மூக்கு நுனியிலும் கண்ணோரத்திலும் சிவப்பைக் கொஞ்சம் கூட்டினால் அழுத முகம். இறந்த இயேசுவின் உடலில் சிவப்பைக் குறைத்துச் சாம்பலும் பச்சையும் ஏற்றுவார்கள், உதடு நீலம்பாரிக்கும். ரத்தத்துக்குச் சாதிலிங்கத்தின் மேல் ஒளி ஊடுருவும் அரக்குச் சிவப்பு. அதனால் ஈரமாகவே தோன்றும். கண்ணீர்த் துளிக்குப் பளபளக்கும் வார்னிஷ். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பளபளப்பு அசையும்.

விலையும் வண்ணத்தின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. மியூனர்ஷ்டாட் நகரின் மகதலா மரியாள் பீடத்தை 1490–92இல் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கியதற்கு வாங்கியது 145 குல்டன் (அக்கால நாணயம்). சில ஆண்டுகள் கழித்து, 1504–05இல், அதற்கு வண்ணம் பூசவும் சிறகுக் கதவுகளில் ஓவியம் தீட்டவும் மற்றொரு சிற்பியான ஃபைட் ஷ்டோஸ் வாங்கியது 220 குல்டன்.

இந்த இரண்டு தொகைகளுக்கு நடுவில் பெரிய மாற்றம் ஒன்று கிடக்கிறது. ரீமன்ஷ்னைடர் அந்தப் பீடத்தை வண்ணமில்லாமலே ஒப்படைத்தார். பழுப்புக் கலந்த மெல்லிய பூச்சு மட்டும். கருவிழிக்குக் கறுப்பு, உதட்டுக்குச் சிறிது சிவப்பு. பெர்லினில் இருக்கும் நற்செய்தியாளர் நால்வரும் அந்தப் பீடத்தின் அடித்தட்டிலிருந்து வந்தவர்களே. அவர்கள் கண்ணில் அந்தக் கருவிழி இன்றும் தெரிகிறது. ஊராருக்கு இந்த எளிமை நிறைவு தரவில்லை, அதனால்தான் ஷ்டோஸை அழைத்து வண்ணம் பூசவைத்தார்கள். வண்ணமின்மையைப் புரட்சி என்று கொண்டாடுபவர்கள் இந்த 220 குல்டனையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வண்ணம் போனால் சிற்பிக்கு என்ன மிஞ்சும்? வெட்டின் ஆழமும் விழும் வெளிச்சமும்தான். ரீமன்ஷ்னைடர் வூர்ட்ஸ்பூர்க்கில் 1485இல் ஆசாரியாகத் தகுதி பெற்றவர், 1531இல் இறந்தார். அவருடைய முகங்களின் துயரம் சில குறிப்பிட்ட வெட்டுகளால் ஆனது. மேலிமை கனத்துப் பாதிக் கண்ணை மூடியிருக்கும், வெளிக்கோடி சற்றே கீழே சாயும். கீழிமைக்கு அடியில் சிறு வீக்கம், அதன் கீழே மெல்லிய பள்ளம், நெடுநேரம் தூங்காதவர் முகத்தில் வருவதுபோல. உதடு ஒரு கோடளவு பிரிந்திருக்கும், ஆனால் அலறாது. புருவம் சுளிக்காது, நெற்றியில் ஒற்றைச் சுருக்கம் போதும். கைகளில் மட்டும் நரம்பு புடைத்திருக்கும். முகம் அடக்கிக்கொண்டதைக் கை சொல்லிவிடும்.

ரோட்டன்பூர்க் நகரின் யாக்கோபு ஆலயத்தில், மேற்கு மாடத்தில், திரு இரத்தப் பீடம் இருக்கிறது. சிற்பங்கள் நிற்கும் மரப்பெட்டகத்தைச் செய்த தச்சர் எர்ஹார்ட் ஹார்ஷ்னர். சிற்பம் ரீமன்ஷ்னைடர், 1505க்குள் முடிந்தது. நடுவில் இராவுணவு. நடுவிலும் நடு இடம் இயேசுவுக்குப் போகவில்லை, யூதாசுக்குப் போயிருக்கிறது: பணப்பையைப் பிடித்தபடி நிற்கிறான். அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார் இயேசு. சுற்றியிருக்கும் சீடர்களில் சிலருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. யூதாசின் முகத்தில் வில்லன் இல்லை, குழப்பம் இருக்கிறது. காட்டிக்கொடுப்பவனையும் துயரத்துக்கு உரியவனாகவே செதுக்கியிருக்கிறார். பெட்டகத்தின் பின்சுவரில் கண்ணாடிச் சாளரங்கள் உண்டு. பகல் நகர நகர வெளிச்சம் பின்னாலிருந்து வந்து உருவங்களின் விளிம்பை மாற்றிக்கொண்டே இருக்கும். வண்ணம் பூசிய சிலையின் முகத்தில் ஒரே உணர்ச்சி நிலைத்துவிடும். இங்கே காலையில் பார்த்த முகம் மாலையில் இல்லை. வண்ணத்துக்கு ஈடாக ரீமன்ஷ்னைடர் கண்டுபிடித்தது இதுதான் என்பேன்.

அவருக்கும் எல்லை உண்டு. பட்டறை பெரியது, உதவியாளர்கள் பலர், முகமாதிரிகள் சில. பெண் புனிதர்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே நீள்முகமும் ஒரே சாய்வும் திரும்பத் திரும்ப வருகின்றன. சிறிது நேரத்தில் அந்தத் துயரம் பழக்கமாகிவிடுகிறது. கிரோஸ்ஓஸ்ட்ஹைமில் உள்ள, 1515ஐ ஒட்டிய, இறந்த இயேசுவைச் சூழ்ந்து அழும் குழுவில் இது குறையாகத் தெரியவில்லை. ஒரே துக்கத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஒரே குடும்பத்தார்போல் தெரிகிறார்கள்.

ஃபைட் ஷ்டோஸ் முற்றிலும் வேறு குணம். போலந்தின் கிராகோவ் மரியாள் ஆலயத்தில் 1477 முதல் 1489 வரை அவர் எழுப்பிய பீடம் ஏறத்தாழ 13 மீட்டர் உயரம். நடுவில் நிற்கும் சீடர்கள் ஆளுயரத்தைவிடப் பெரியவர்கள். இறக்கும் மரியாள் முழங்கால் மடிந்து சரிகிறாள், பின்னாலிருக்கும் சீடர் தாங்குகிறார். அந்தச் சீடர்களின் கைநரம்பும் தோல்சுருக்கமும் உடற்கூற்று நுணுக்கத்தோடு இருக்கின்றன. ஆனால் ஷ்டோஸின் உணர்ச்சி முகத்தைவிடத் துணியில்தான் குமுறுகிறது. காற்றே இல்லாத இடத்தில் மேலங்கியின் ஓரம் சுருண்டு கிளம்பும், காதுபோல் மடியும், உடம்பின் அசைவுக்குச் சம்பந்தமில்லாமல் சுழலும். நியூரம்பெர்க்கின் சாங்க்ட் ஜெபால்ட் ஆலயத்துக்கு 1520இல் செதுக்கிய பாடுபட்ட சுரூபத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

அவர் வாழ்க்கையும் அமைதியானது இல்லை. கடன்பத்திரத்தைப் போலியாக எழுதிய குற்றத்துக்காக 1503இல் நியூரம்பெர்க்கில் இரு கன்னங்களிலும் சூடு வைக்கப்பட்டது. அங்கிருந்து தப்பி மருமகன் இருந்த மியூனர்ஷ்டாட்டுக்குப் போனபோது கிடைத்த வேலைதான் அந்த 220 குல்டன் வண்ணப்பூச்சு. இதை அவர் சிற்பத்தின் குமுறலுக்குக் காரணமாகக் காட்டுவது தவறு. கிராகோவ் பீடம் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே முடிந்துவிட்டது.

அடுத்தவர் சிற்பத்துக்கு வண்ணம் பூசிய அதே ஷ்டோஸ், 1520–23இல் நியூரம்பெர்க் கார்மேல் மடத்துக்குச் செதுக்கிய பீடத்தை வண்ணமில்லாமல் விட்டார். அங்கே தலைவராக இருந்த அவர் மகன் ஆண்ட்ரெயாஸ், பின்னால் வருபவர்கள் இதற்கு எளிதில் வண்ணம் பூசிவிடக் கூடாது என்று எழுதிவைத்தார். அது இப்போது பாம்பெர்க் பேராலயத்தில் இருக்கிறது. மியூனர்ஷ்டாட் ஊராருக்குக் குறையாகத் தெரிந்தது, முப்பது ஆண்டுகளில் காக்கப்பட வேண்டிய தரமாகிவிட்டது.

அதற்குள் சிலைகளின் காலமே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1522இல் விட்டன்பெர்க்கில், லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தத்தின் போதகர் கார்ல்ஷ்டாட் சுரூபங்களை அகற்றச் சொல்லி எழுதினார். சிலை மனதை இவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதே அவர் போன்றோரின் குற்றச்சாட்டு. இரு நூற்றாண்டுகளாகச் சிற்பிகள் எதற்காக உழைத்தார்களோ, அந்த வெற்றியே அவர்களுக்கு எதிரான சாட்சியானது. 1525 உழவர் போரில் தோற்ற பக்கம் நின்ற ரீமன்ஷ்னைடர் மாரியன்பெர்க் கோட்டையில் சிறையிருந்து சித்திரவதைப்பட்டார். ஷ்டோஸ் 1517–18இல் செதுக்கி, நியூரம்பெர்க் சாங்க்ட் லோரென்ஸ் ஆலயத்தின் நடுவில் தொங்கிய மங்கள வார்த்தைச் சிற்பம் (வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி) துணியால் மூடப்பட்டது. லூத்தரன் நகரங்கள் பலவும் இப்படித்தான் செய்தன, உடைக்கவில்லை, மூடிவைத்தன. நாம் இன்று பார்ப்பவற்றில் கணிசமானவை தப்பியது இதனால்தான். கிரெக்லிங்கனின் ஹெர்காட்ஸ்கிர்ஷ ஆலயத்தில் ரீமன்ஷ்னைடரின் மரியாள் பீடம் 1832 வரை மூடியே கிடந்தது.

சேதம் அதிகம் விளைந்தது அன்புள்ள கைகளால். 19ஆம் நூற்றாண்டில் வண்ணம் என்றால் மலிவு, வெறும் மரம் என்றால் நேர்மை என்ற ரசனை பரவியது. பல சிலைகளைக் காரநீரில் கழுவிப் பூச்சை உரித்தார்கள். ஆஸ்திரியாவின் கெஃபர்மார்க்ட் பீடத்தை 1850களில், நாவலாசிரியர் அடால்பர்ட் ஷ்டிஃப்டரின் மேற்பார்வையில், உளுத்துப்போகாமல் காப்பாற்றினார்கள். அதே பணியில் எஞ்சியிருந்த வண்ணத்தையும் அகற்றினார்கள். காரநீர் லிண்டன் மரத்தின் இழையைத் தளர்த்திவிடும், மேற்பரப்பு பஞ்சுபோல் ஆகும், இமை விளிம்பின் கூர்மை மழுங்கும். வண்ணத்துக்காகவே செதுக்கிய முகத்தில் கண்பார்வை வண்ணத்தில்தான் இருந்தது. அது போனபின் குருட்டு முகம் மிஞ்சுகிறது. அதைத்தான் சிலர் உள்நோக்கிய மௌனம் என்று வருணிக்கிறார்கள்.

ஆகவே ஒரு மரச்சிலையின் உணர்ச்சியைப் பற்றி முடிவு சொல்லும் முன் அது வண்ணத்துக்காகச் செதுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மூக்குத் துளை, காதின் பின்புறம், மடிப்பின் அடிக்குழி ஆகிய இடங்களில் வெள்ளைச் சுண்ணத் துணுக்கு எஞ்சியிருந்தால், அது ஒருகாலத்தில் முழுப்பூச்சு பெற்றது. துணியோரங்களில் பூவேலையும் புள்ளியும் உளியாலேயே நுணுக்கமாகக் குத்தப்பட்டு, கண்ணில் கருவிழி மட்டும் வரையப்பட்டிருந்தால், மரமாகவே நிற்கச் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பீடத்தின் மேல்தட்டுச் சிலை கீழிருந்து பார்ப்பதற்காகவே கழுத்தை முன்னால் நீட்டி இமையைத் தாழ்த்தியிருக்கும். அருங்காட்சியகத்தில் அதைக் கண்மட்டத்தில் வைத்தால் பார்வை தரையில் விழுந்து, சிற்பி எண்ணாத ஒரு சோர்வு முகத்தில் ஏறிவிடும். அப்படிப்பட்ட சிலைக்கு முன் முழங்காலிட்டோ குனிந்தோ பார்த்தால் கண் நேராகச் சந்திக்கும். ரோட்டன்பூர்க், கிரெக்லிங்கன் பீடங்கள் இரண்டும் செய்த ஆலயத்திலேயே நிற்கின்றன. ரீமன்ஷ்னைடரைப் பார்க்கத் தொடங்குபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.